குறுக்கு, முறுக்கு, குண்டூசி

ஜூலை 6, சனி

விடாத மழை. அப்பா கடைக்கு அவல் மூட்டை வந்த பிளாஸ்டிக் உறையில் லேஸ் பின்னுகிற தலையணையைச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடை. தாராவி லேபர் கேம்ப் முனையில் கணுக்கால் வரை தண்ணீர். பஸ்ஸில் ஏறியிருக்கலாம். பஸ்ஸில் யாராவது "இதுக்குள்ள என்ன?" என்று கேட்பார்கள். அதனால் நடை.

மைதிலி ஆன்ட்டி வீட்டு மாடி ஹாலில் சனிக்கிழமை லேஸ் கூட்டம். பேங்க், ரயில்வே என்று வேலை பார்த்து ரிடையர் ஆனவர்கள். அவர்கள் நூல் சுற்றும் பாபின்கள் வெளிநாட்டு மரக்குச்சிகள், நுனியில் மணி கோத்தவை. என்னுடையவை பேனாக் கூடுகள். பழைய பிளாஸ்டிக் பிரிக்கிற இடத்தில் என் தோழி ரஹ்மத் பொறுக்கியவை. எனக்கு நீலம், அவளுக்குச் சிவப்பு. வழக்கம்போல் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அங்கே யாரும் பார்ப்பதில்லை.

இன்று பார்த்துவிட்டார்கள்.

மைதிலி ஆன்ட்டி காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்றார். என் கை நின்றது.

"நிறுத்தாதே, போடு. கமலா, இங்க வந்து பாரேன் இந்தக் கையை! கிராஸ் போடறச்சே நாம இடதைத் தூக்கி வலது மேல போடறோம். இவ வலதைத் தூக்கி இடது மேல போடறா. ட்விஸ்ட்டும் அப்படியே தலைகீழ்."

நாற்காலிகள் இழுபடும் சத்தம். சுற்றி எல்லா ஆன்ட்டிகளும். என் காது கொதித்தது.

"உங்களுக்கு எந்த ஊர்டி குழந்தே?"

"திசையன்விளை பக்கம்."

"நாகர்கோவில் கிட்டக்கத்தானே! சர்ச்சுக்குப் போறவாதானே நீங்க?"

தலையாட்டினேன். அது உண்மை.

"அம்மா கத்துக்குடுத்தாளா?"

தலையாட்டினேன்.

"அவளுக்கு அவ அம்மா?"

ஆட்டினேன்.

"தலகாணிக்குள்ள தேங்கா நாரா?"

அதற்கும்.

ஆன்ட்டி டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பாதிரிமார் வீட்டுப் பெண்கள் நாகர்கோவில் பக்கம் இந்த லேஸைக் கற்றுக்கொடுத்தார்களாம். நம் நாட்டில் அது பரவிய கதையை ஆன்ட்டி பல வருஷமாக எழுதுகிறார். இந்த மாதம் புத்தகம் அச்சுக்குப் போகிறது. "இந்தக் கை எந்தப் புஸ்தகத்துலயும் இல்லைடி!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஃபோட்டோ எடுத்தார்கள்.

‘இல்லை’ என்றால் அடுத்த கேள்வி வரும். ‘ஆமாம்’ என்று ஆட்டினால் பேச்சு முடியும். எப்போதும் முடிந்திருக்கிறது. இன்று முடியவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

சர்ச். மழை. ஈரக் குடைகளின் வாடை. பிரசங்கம் எதைப் பற்றி என்று அம்மா கேட்டால் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் ரஹ்மத் வந்தாள் (இனி ர.; முழுப்பெயர் எழுதச் சோம்பல்). சயானில் பன்னிரண்டாவது படிக்கிறாள். சனிக்கிழமை டியூஷன், அதனால் கூட்டத்துக்கு வர முடியாது. கூட்டத்தைக் கண்டுபிடித்ததே அவள்தான். "நீ உள்ள போட்டி, உன்னக் கடிச்சுத் தின்னுருவாங்களா" என்று முதல் நாள் அந்த வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டவளும் அவள்தான். போன மழைக்காலத்தில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் வீடியோவைப் பார்த்து, "இதப் பாத்தியாட்டி, நூல வச்சு டான்ஸ் ஆடுதா" என்று ஆரம்பித்ததும் அவள். தலையணைக்குள் இருப்பது அவள் வாப்பா வேலை பார்க்கும் பேக் பட்டறையின் தோல் துணுக்குகள். மழை நாளில் லேஸிலும் தோல் வாடை.

கையைப் பற்றி ஆன்ட்டி சொன்னதைச் சொன்னேன். கை தலைகீழாம்.

"நெசமாவா? இரு, அந்த வீடியோவப் போடுதேன்."

போட்டாள். இரண்டு பேரும் போனில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். அந்தப் பெண்ணின் கை. குறுக்கு, முறுக்கு, குண்டூசி. கிராஸ், ட்விஸ்டுக்கெல்லாம் நாங்கள் வைத்த பெயர்கள். அவள் பாஷை புரியாது என்று எப்போதும் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறோம்.

திடீரென்று ர. கத்தினாள்.

"அரே! பின்னால கடிகாரத்தப் பாருளா!"

சுவர்க் கடிகாரம். விநாடி முள் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

செல்ஃபி எடுக்கிற பக்கத்துக் கேமராவில் எடுத்திருக்கிறாள். கண்ணாடி மாதிரி எல்லாம் மாறி விழுந்திருக்கிறது. நாங்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறோம்.

ர. கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "இத்தன நாளு கண்ணாடிக்குள்ள உக்காந்து லேஸ் பின்னிருக்கோம்ட்டி!" எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவள் கேட்டாள்:

"நம்ம ரெண்டு பேரும் வீடியோ பாத்துப் படிச்சோம்னு சொன்னியா அவங்ககிட்ட?"

தலையாட்டினேன்.

"என் பேரச் சொன்னியா?"

ஆட்டினேன்.

"என்ன சொன்னாங்க?"

"நல்லாருக்குன்னாங்க."

இப்போது இரண்டு பக்கமும் பொய்.

ஜூலை 10, புதன்

வெயில் மாதிரி ஒன்று. பாய்கள் மொட்டைமாடியில்.

காலையில் கடை. அப்பா சரக்கு எடுக்கப் போனார். வந்தவர்கள்: கருப்பட்டி மிட்டாய் கேட்டவர், சில்லறை மட்டும் கேட்டவர், முறுக்கு நமுத்திருக்கிறது என்று சண்டை பிடிக்க வந்து அதையே மறுபடி வாங்கிப்போன அக்கா.

சனிக்கிழமை சொல்ல வேண்டிய வாக்கியம், முதல் வடிவம்: ஆன்ட்டி, நான் அன்றைக்குச் சொன்னது தவறு.
நான் எதுவுமே சொல்லவில்லையே.
இரண்டாம் வடிவம்: ஆன்ட்டி, எங்கள் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.
இது நல்லது. சிரிப்பார்கள். சிரித்தால் மிச்சத்தைச் சொல்லிவிடலாம்.

கல்லாவுக்குப் பின்னால் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மா காதில் விழுந்துவிட்டது.

"யாருக்குட்டி கோக்க வராது?"

"ஒண்ணும் இல்லம்மா."

அம்மாவுக்கு இந்த லேஸ் பிடிக்கும், ஆனால் நம்புவதில்லை. பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஊசியும் கெடையாது, தறியும் கெடையாது. பேனாவ மாத்தி மாத்திப் போடுதா, குண்டூசியக் குத்துதா, எங்கேருந்தோ துணி வருது. மந்திரவாதி கணக்கா."

எட்டாவதோடு தமிழ்ப் பள்ளி முடிந்தது. ஒன்பதாவது இங்கிலீஷ் பள்ளி. எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். தினமும். பள்ளியை விட்டே நின்றுவிட்டேன். பெரிய டீச்சர் அழைத்து, "வீட்டில் கஷ்டமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அப்பாவைக் கூப்பிட்டு ஃபீஸ் வேண்டாம் என்றார்கள். அப்பா திகைத்துப்போய், "ஃபீஸ் கட்டிட்டேனே மேடம்" என்றார்.

அதை ஏன் இப்போது எழுதுகிறேன்.

ஜூலை 13, சனி

மறுபடி மழை.

வாக்கியத்தை வழி முழுக்க மென்றுகொண்டு போனேன். ஹாலுக்குள் நுழைந்ததும் ஆன்ட்டி கையில் அச்சுக்குப் போக வேண்டிய தாள்கள். "வா வா, உன் பக்கத்தைப் பாரு." என் ஃபோட்டோ. கீழே இங்கிலீஷ். ஆன்ட்டி வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார்:

தெற்கத்தி முறை. தாயிடமிருந்து மகளுக்கு, எழுத்தில் இல்லாமல் கைவழி மட்டுமே வந்தது. வலது நூல் மேலே வரும் தனிப் பழக்கம். தேங்காய் நார் அடைத்த தலையணை. குச்சி கிடைக்காத நகரத்தில் பேனாக் கூடு.

ர.வின் பேனா. ர. வாப்பாவின் தோல். அந்தக் கடிகாரம்.

ஆன்ட்டி அலமாரியிலிருந்து பழைய தடிப் புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தார். ஒரு படம். மரத்தடியில் நிறையப் பெண்கள், மடியில் தலையணை, ஒருத்தியும் கேமராவைப் பார்க்கவில்லை. நடுவில் தொப்பி வைத்த வெள்ளைக்காரி.

"கீழே என்ன போட்டிருக்கான் தெரியுமோ? துரைசானி பேரு முழுசா இருக்கு. மத்தவா எல்லாரும் ‘லேஸ் பெண்கள்’. அவ்வளவுதான். ஒருத்திக்காவது பேர் இருக்கா பாரு. இதைப் பாக்கறப்போல்லாம் எனக்கு வயிறு எரியும். அதுக்காகத்தான் உன் பேரை இவ்வளவு பெரிசாப் போட்டிருக்கேன்."

பிறகு பேனாவைத் திறந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏதாவது தப்பு இருந்தா இப்பவே சொல்லிடு. திருத்திடலாம்."

எல்லோரும் பார்த்தார்கள். வாய் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன்.

"ஃபோட்டோல முடி கலைஞ்சிருக்கு ஆன்ட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். கமலா ஆன்ட்டி என் தலையைத் தடவி, "அழகாத்தாண்டி இருக்கே, அசடு" என்றார்.

திரும்பி வரும்போது குடை இருந்தது. விரிக்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

சளி. அம்மா மிளகு ரசம் வைத்தாள்.

வாய்ஸ் மெசேஜ் முயற்சி. பதிவு செய்து, கேட்டு, அழித்து. என் குரல் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. கடைசியில் எழுதி அனுப்பினேன்: ஆன்ட்டி, ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

பதில் வந்தது: "சனிக்கிழமை சாவகாசமா சொல்லு கண்ணா. இப்போ பிரஸ்ஸுக்குப் போயிண்டிருக்கேன். உன் அம்மாவை விழாவுக்குக் கட்டாயம் அழைச்சுண்டு வரணும்."

பிரஸ் என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது போன் செய்திருக்கலாம். ஒரு நிமிஷம் போதும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவல் பொட்டலம் போட்டேன்.

ஜூலை 20, சனி

போகவில்லை. சளி என்று சொன்னேன். சளி வியாழக்கிழமையே போய்விட்டது.

ஜூலை 28, ஞாயிறு

புத்தக வெளியீடு. ஹாலில் பூ, சமோசா, மைக்.

அம்மா கல்யாண வீடுகளுக்குக் கட்டுகிற பச்சைப் பட்டில். "உன் படம் போட்ருக்காங்கல்லா" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். உள்ளே போனால், கடைசி வரிசையில் ர. நான் சொல்லவே இல்லை. அப்பா கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். புது துப்பட்டா.

"நம்ம லேஸ் புக்குல வருது, நான் வராம இருப்பனா?"

புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்தார்கள். நான் முன்வரிசையில். திரும்பிப் பார்க்க முடியவில்லை. மைதிலி ஆன்ட்டி என் பக்கத்தை மைக்கில் முழுதாக வாசித்தார். முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில். கைதட்டல். பிறகு நான் பயந்தது நடக்கவில்லை, நினைக்காதது நடந்தது. என்னை அழைக்கவில்லை. அம்மாவை அழைத்தார்.

"இந்தக் கலையை இந்தக் குழந்தைக்குக் குடுத்த அம்மா. ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ."

அம்மா மைக்கைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு என்னை.

"எனக்கு என்னம்மா தெரியும்? எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நான் சொல்லியும் குடுக்கல. ஏதோ கர்த்தர் கிருபை."

ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. கமலா ஆன்ட்டி பக்கத்திலிருந்தவரிடம், "என்ன அடக்கம் பாருங்கோ! இந்தக் காலத்துல யார் இப்படிச் சொல்லுவா?" என்றார்.

உண்மை மைக்கில் வந்தது. ஒருவருக்கும் கேட்கவில்லை.

திரும்பினேன். ர. கைதட்டவில்லை. புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மைதிலி ஆன்ட்டி வாசலில் வழிமறித்து, "நீ பியூலாவோட ஃப்ரெண்டா? நீயும் லேஸ் கத்துக்கோயேன், அவ சொல்லித் தருவா" என்றார்.

"சரிங்க ஆன்ட்டி," என்றாள் ர. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பும் வழியில் அம்மா: "ஏட்டி, அந்தம்மா எங்கிட்ட எதுக்குட்டி மைக்கக் குடுத்தா? எங்கம்ம பீடியல்லா சுத்துனா. லேச எங்க சுத்துனா?" கொஞ்ச தூரம் போய்: "நீ என்னமும் சொன்னியா?"

தலையாட்டவில்லை. அதுவும் செய்யவில்லை. அம்மா பிறகு கேட்கவில்லை. சமோசாவைக் கைக்குட்டையில் அப்பாவுக்கென்று முடிந்து வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ர. வந்தாள். அப்பாவிடம், "அண்ணாச்சி, பியூலா இருக்காளா?" என்று கேட்ட குரல் உள்ளே கேட்டது. எப்போதும் கேட்காமல் நேரே உள்ளே வருவாள்.

"என் பேனாவ எடுத்துக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

தலையணையில் பாதி லேஸ். இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கியது. லேஸில் ஒரு நூலுக்கு இரண்டு குச்சி. தொடங்கும்போது ஒரு முனையை என் நீலத்தில் சுற்றினோம், மறு முனையை அவள் சிவப்பில். எல்லா நூலும் அப்படித்தான். சிவப்பை எடுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும்.

"நான் ஒண்ணும் சொல்லலட்டி," என்றேன். "தலையத்தான் ஆட்டினேன்."

"எங்கிட்டயும் ஆட்டுனியே."

ர. தலையணைப் பக்கம் உட்கார்ந்தாள்.

"படிச்சுப் பாத்தேன். நல்ல இங்கிலீஷ். எங்க வாப்பா தோலு தேங்கா நாராயிட்டு. உங்க அம்ம டீச்சராயிட்டாங்க. அந்தக் கடிகாரம் பரம்பரையாயிட்டு. நான் எங்கட்டி? ஒரு வரி இல்ல."

"நீதான் கத்துக்குடுத்த. எனக்குத் தெரியும்."

"எனக்கும்தான் தெரியும். எங்கிட்டச் சொல்லி என்ன?"

கத்தரியை எடுத்தாள். முதல் சிவப்புப் பேனாவைத் தூக்கி நூலை இழுத்துப் பிடித்தாள்.

"வெட்டாத!"

நான்தான். கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அப்பா எட்டிப் பார்த்தார். நான் இவ்வளவு சத்தமாகப் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ர. என்னையே பார்த்தாள். கத்தரியைத் தலையணை மேல் வைத்தாள்.

"பாத்தியா? லேசுக்குன்னா வாய் வருது."

போய்விட்டாள். பேனாக்களை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 3, சனி

போனேன். தலையணை இல்லாமல்.

ஹாலில் எல்லா ஆன்ட்டிகளும் தலைகீழாகப் பின்னிக்கொண்டிருந்தார்கள். வலதை இடது மேல். நாக்கைக் கடித்துக்கொண்டு, பிரித்துப் பிரித்து. "தெற்கத்தி முறை வரவே மாட்டேங்கறதுடி, நாப்பது வருஷத்துக் கை" என்றார் கமலா ஆன்ட்டி. "சரியாப் போடறேனா பாரு."

தலை தானாக ஆடப் பார்த்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். நிஜமாக, கையால்.

சொன்னேன். நின்றுகொண்டே. ஒழுங்கான வாக்கியங்களில் இல்லை. அம்மாவுக்கு ஊசி கோக்க வராது என்பது முதலில் வந்தது, யாரும் சிரிக்கவில்லை. வீடியோ, கடிகாரம், தோல். ரஹ்மத் என்ற பெயர். அதை இரண்டு முறை சொன்னேன்.

மைதிலி ஆன்ட்டி குச்சிகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார்.

"நீ தலையாட்டினியே, பியூலா."

"ஆமா ஆன்ட்டி."

"நான் உன்னைத்தானே கேட்டேன். பேனாவைத் திறந்து வச்சுண்டு கேட்டேனே."

"ஆமா ஆன்ட்டி."

கமலா ஆன்ட்டி: "விடுங்கோ மாமி. புஸ்தகம் வெளியில போயாச்சு. வெளிநாட்டு லேஸ்காராளுக்கெல்லாம் அனுப்பியாச்சு. இனிமே யாருக்குத் தெரியப்போறது?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாதோ?" என்றார் மைதிலி ஆன்ட்டி. "சரிங்க ஆன்ட்டின்னுட்டுப் போனாளே. நான் அவளைப் போய் லேஸ் கத்துக்கோன்னேன்." பிறகு வெகுநேரம் அந்தப் பழைய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தார். திறக்கவில்லை.

முடிவு: திருத்தச் சீட்டு அச்சடித்து, கையில் இருக்கும் பிரதிகளில் ஒட்டுவது. அனுப்பியவர்களுக்குக் கடிதம். வெளியே போனவற்றில் எத்தனை பேர் ஒட்டுவார்கள் என்று தெரியாது.

"அந்தப் பொண்ணு பேர் எப்படி எழுதறதுன்னு எழுதிக்குடு. முழுப் பேரும்."

எழுதிக் கொடுத்தேன். காபி கொடுத்தார்கள். எப்போதும் இரண்டு பிஸ்கட் வைப்பார்கள். இன்று ஒன்று.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

சீட்டுகளும் பிரதிகளும் ஆட்டோவில் வந்து சேர்ந்தன. ஒட்டும் வேலை நானே கேட்டு வாங்கியது. மைதா பசை காய்ச்சி, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து என் ஃபோட்டோவுக்குக் கீழே ஒவ்வொன்றாக. சிறிய சீட்டு. இந்தப் பக்கத்தில் உள்ள முறையைக் கண்ணாடிபோல் மாறித் தெரிந்த வீடியோவிலிருந்து கற்று, தோழிக்கும் கற்றுக்கொடுத்தவர் ரஹ்மத் நிஷா, தாராவி. தெற்கத்தி முறை என்று எழுதியது பிழை. இங்கிலீஷில் இன்னும் அழகாக இருக்கிறது.

அப்பா பார்த்துவிட்டு, "இவ்வளவு புஸ்தகமும் நீ தப்புப் பண்ணதுக்காட்டி?" என்றார். ஆமாம் என்று வாயால் சொன்னேன். அப்பா பசை சிந்தாமல் இருக்கப் பழைய பேப்பர் விரித்துக் கொடுத்தார்.

வாங்க வேண்டியவை: மைதா, வெள்ளை நூல், குண்டூசி.

சாயங்காலம் ரஹ்மத் வீட்டுக்கு ஒரு சீட்டோடு. அவள் உம்மா கதவைப் பாதி திறந்து, "கிளாசுக்குப் போயிருக்காம்மா" என்றார். உள்ளே அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை சத்தத்தோடு. அந்தப் பெண்ணின் குரலை முதல் தடவையாகக் கேட்டேன். தடித்த குரல். நடுநடுவே சிரிக்கிறாள்.

"சரிங்க," என்று சொல்லிவிட்டுச் சீட்டோடு திரும்பி வந்தேன்.

இங்கே இருப்பவை எல்லாவற்றிலும் ஒட்டியாயிற்று. அவள் பைக்குள் வைத்துக் கொண்டுபோன பிரதியில் மட்டும் இல்லை. பசை கிண்ணத்தோடு இறுகிவிட்டது. நாளை மறுபடி காய்ச்ச வேண்டும்.